பொங்கல் வாழ்த்தும் புலி முத்திரையும்

தை பிறப்பதற்குப் பத்து நாட்கள் முன்பிருந்தே தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு, குழந்தைகள் வீட்டுத் திண்ணையில் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய நேயர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். கரும்பும் மஞ்சள் கொத்தும் பொங்கும் பானையும் போட்ட அட்டைகள். சினிமா நட்சத்திரங்கள் கை கூப்பி நிற்கும் அட்டைகள். சிவகாசியில் அச்சாகி, பெட்டிக்கடை வாசலில் கயிற்றில் தொங்கிய அட்டைகள். அத்தை வீட்டிலிருந்து ஒன்று, மாமா வீட்டிலிருந்து ஒன்று என்று வந்தவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, அடுத்த வீட்டுப் பையனுக்கு எத்தனை வந்தன என்று விசாரித்து, நமக்கு ஒன்று குறைந்திருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்ட பருவம் அது!

பிறகு கைபேசி வந்தது. இப்போது பொங்கலன்று காலை ஆறு மணிக்குள் நூறு வாழ்த்துக்கள் வந்து சேர்ந்து விடுகின்றன. ஒருவர் அனுப்பியதை மற்றொருவர் தள்ளிவிட, அவர் தள்ளியதை இன்னொருவர் தள்ளிவிட, கடைசியில் யார் யாரை வாழ்த்தினார்கள் என்பதே தெரிவதில்லை. அனுப்பியவர் அதைத் திறந்து பார்த்திருப்பாரா என்பதும் சந்தேகந்தான்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில் நாம் உபாத்தியாயராக வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், சில வருஷங்களாக மார்கழி மாதத்தில் மாணாக்கர்களைக் கொண்டு கையினால் பொங்கல் வாழ்த்து அட்டைகள் செய்விக்கிறோம். அதில் கம்ப்யூட்டரும் வந்து புகுந்து கொண்டது. அது வந்ததனால் உண்டான வாக்குவாதத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

‘டிஜிட்டல் முத்திரை’ என்று ஒரு பொருள் உண்டு. ரப்பர் முத்திரையை மையில் தோய்த்துக் காகிதத்தில் குத்தினால் பூவோ பறவையோ கோட்டுருவமாக விழும். அதற்குள் வர்ணம் தீட்டி வாழ்த்து அட்டை செய்வது மேல்நாட்டில் வெகு நாளாக இருந்து வரும் பொழுதுபோக்கு. அந்த ரப்பரையும் கட்டையையும் விட்டுவிட்டு, கோட்டுருவத்தை மட்டும் கம்ப்யூட்டர்ப் படமாக வைத்துக் கொள்வதே டிஜிட்டல் முத்திரை. ரப்பர் முத்திரை ஒரே அளவுதான். இதையோ கட்டை விரல் அளவுக்குச் சுருக்கலாம். ஒரு முழத்துக்குப் பெரிதாக்கலாம். இடப்பக்கம் பார்க்கும் கிளியை வலப்பக்கம் திருப்பி, இரண்டையும் எதிரெதிரே உட்கார வைக்கலாம். ஒரு தடவை வாங்கினால் தேய்வு என்பதே கிடையாது.

இதை நம் வகுப்புக்குள் கொண்டு வந்தபோது ஓவிய ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் நம்மைவிட மூத்தவர். முப்பது வருஷமாகப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கோடு போடக் கற்றுக் கொடுத்தவர். “கோட்டை மெஷின் போட்டுவிடும், வர்ணத்தைப் பிள்ளை பூசும். இதற்குக் கைவேலை என்று பெயரா ஸார்? வேறு யாரோ போட்ட கோட்டுக்குள்ளே வர்ணம் பூசுகிற ஜனங்களாக இவர்களை ஆக்கி விடுவீர்கள்” என்றார்.

பதில் சொல்வது சுலபம் என்றுதான் முதலில் தோன்றியது. 1843-ம் வருஷத்தில் லண்டனில் ஹென்ரி கோல் என்பவர் தம் நண்பர் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரையச் செய்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுவே என்பார்கள். ஆயிரம் பிரதிகள் கல்லச்சில் அச்சாயின. ஆனால் அச்சானது கோடு மட்டுமே. வர்ணம் ஒவ்வொரு அட்டையிலும் கையால் தீட்டப்பட்டது! ஆகவே, அச்சுக்கோடும் கைவர்ணமும் சேர்வது வாழ்த்து அட்டைக்குப் பிறவிக் குணம் என்று சொல்லிவிடலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் அரியலூர் மாவட்டத்திலேயே, கொள்ளிடக் கரைப் பக்கத்தில் கோடாலிக் கருப்பூர் இருக்கிறது. தஞ்சை மராத்திய அரச குடும்பத்தாருக்காக அங்கே சேலைகள் நெய்தார்கள். தறியிலே ஜரிகைப் பூ வேலை செய்து, பிறகு மெழுகை வைத்து மறைத்துச் சாயம் தோய்த்து, கலத்தால் எழுதியும் அச்சுக்கட்டையால் ஒற்றியும் முடித்த சேலைகள் அவை. கட்டை தொட்டதனால் அந்தச் சேலை கைவேலை அல்ல என்று யாரேனும் சொல்லத் துணிவார்களா? அரசு போயிற்று, 1855-க்குப் பிறகு வாங்குவோர் இல்லாமல் சேலையும் போயிற்று. அந்தப் பெயரைத் தாங்கிய கருப்பூர்க் கலம்காரி ஓவியம் மாத்திரம் பிழைத்திருந்து, 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது.

ஓவிய ஆசிரியர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “சரி. அந்தக் கட்டையைச் செதுக்கினவன் யார்? கருப்பூர்க்காரன். உங்கள் முத்திரையை வரைந்தவர் யார்?” என்றார்.

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. நாம் அப்போது பயன்படுத்தியவை விலைக்கு வாங்கிய முத்திரைகள். பனி மூடிய வீடு, கம்பளித் தொப்பி போட்ட கரடிக்குட்டி, கலைமான் பூட்டிய வண்டி. முந்திரிக் காடும் செம்மண்ணும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் உள்ள மாவட்டத்தில், மார்கழியிலும் பகலில் வியர்க்கிற ஊரில், நம் பிள்ளைகள் பனிக்கு வெள்ளை பூசிக் கொண்டிருந்தார்கள்! கோவிலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து கொண்டு செய்த வேலை இது.

அந்த வாரமே வகுப்பைக் கோவிலுக்கு அழைத்துச் சென்றோம். ராஜேந்திர சோழன் கங்கை வரையில் படை அனுப்பி வென்றதற்கு அடையாளமாக நிறுவிய நகரம் இது. இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழ ராஜ்யத்தின் தலைநகரமாக இருந்தது. இன்று மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளங்களும், மேற்கே ஏரியும், நடுவில் கோவிலுமே மிச்சம். கோவிலிலும் முழுமையாக மிஞ்சவில்லை. 1836-ல் அணைக்கரையில் கீழணை கட்டியபோது, மதிற்சுவர்க் கற்களைப் பெயர்த்துக் கொண்டு போய்விட்டார்கள். அணையினால் வயல்கள் விளைந்தன என்பது உண்மையே. ஆனாலும் அந்தப் பாலத்தைக் கடக்கும் போதெல்லாம் காலுக்குக் கீழே எந்தக் கல் இருக்கிறதோ என்ற நினைவு வராமலிருப்பதில்லை. 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக இந்தக் கோவிலும் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது விளையாடப் போகும் புல்வெளிதான்.

வடபுற வாசற்படிக்கு அருகே சண்டேச அநுக்கிரக மூர்த்தி இருக்கிறார். பார்வதியோடு அமர்ந்த சிவபெருமான், காலடியில் கை கூப்பியிருக்கும் சண்டேசர் தலையில் கொன்றை மாலையைச் சுற்றி விடுகிறார். சண்டேசர் உருவில் ராஜேந்திரனையே சிற்பி மனத்தில் கொண்டான் என்று கருதுவோர் உண்டு. எப்படியானாலும், ஒரு பெரியவர் ஒரு சிறியவனின் தலையைத் தொடும் அந்தக் கையின் மெதுவை ஆயிரம் வருஷமாக எவரும் விஞ்சியதாகத் தெரியவில்லை. எதிர்ப்புறத்து மாடத்தில் ஞான சரஸ்வதி. தென்புறத்தில் ஆடவல்லானும், அவர் காலடியில் எலும்பும் தோலுமாகத் தாளம் போடும் காரைக்கால் அம்மையாரும். முற்றத்திலே சிங்கக் கிணறு.

கைபேசியில் படம் பிடிப்பதற்கு முன், ஒவ்வொருவரும் ஒரு சிற்பத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் வரைய வேண்டும் என்று ஓவிய ஆசிரியர் நிபந்தனை போட்டார். நாமும் வரைந்தோம். சண்டேசர் நம் கையில் பட்ட பாட்டை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

அந்த அரை மணியில் ஒரு பையன் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான். “ஸார், கல்லிலே கோடே இல்லையே!” என்றான். உண்மைதானே? கல்லில் மேடும் பள்ளமும் உண்டு, வெளிச்சமும் நிழலும் உண்டு, கோடு கிடையாது. எந்த நிழலைக் கோடாக்குவது, எந்த நிழலை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பது பார்க்கிறவனுடைய வேலை. டிஜிட்டல் முத்திரையின் உயிர் முழுவதும் அந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது.

பிறகு செய்த வேலையை, வீட்டில் செய்து பார்க்க விரும்பும் நேயர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம்.

முதலில் புகைப்படம். நேர் எதிரே நின்று எடுக்க வேண்டும். அண்ணாந்து எடுத்தால் தலை சிறுத்துக் கால் பருத்துவிடும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால்தான் மேடு பள்ளம் தெரியும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடசுவரில் நேர் வெயிலே விழுவதில்லை. சிற்பம் தட்டையாகத் தெரிகிறது. சூரியன் வடக்கே வந்துவிட்ட சித்திரை, வைகாசியில், காலை வெயில் வடசுவரைச் சாய்வாகத் தடவிச் செல்லும் வேளையில் எடுத்தால் பார்க்க வேண்டும்! பூகோளப் பாடத்தில் தலையைச் சொறியும் பிள்ளைகளுக்கு அயனம் என்றால் என்ன என்பது அந்தச் சுவரின் முன்னால் விளங்கிவிட்டது.

படத்தை ஒரு பக்க அளவில் அச்சிட்டு, மேலே டிரேஸிங் தாளை வைத்து, கறுப்புப் பேனாவால் கோடுகளை எடுக்க வேண்டும். இங்கேதான் ஓவிய ஆசிரியர் ராஜா. “அந்தக் கோடு வேண்டாம். இதை விடு. இந்த இரண்டையும் ஒன்றாக்கு” என்று அவர் சொல்லச் சொல்ல, முந்நூறு கோடுகள் நாற்பது ஆயின. கோடு முடிந்தால் ஸ்கேனரில், அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் படியெடுத்து, சாம்பல் நிறமெல்லாம் போய்க் கறுப்பு வெள்ளை மட்டும் நிற்கும்படி செய்ய வேண்டும். இப்படி எடுத்தது புள்ளிகளால் ஆன படம். பெரிதாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டாகிவிடும். ‘இங்க்ஸ்கேப்’ என்ற இலவச மென்பொருளில் போட்டு, புள்ளியைக் கோடாக மாற்றிக் கொண்டால், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு வழவழவென்றே இருக்கும். கோலத்தின் புள்ளிகள் அழிந்தாலும் இழை மனத்தில் நிற்பதுபோல என்று வைத்துக் கொள்ளலாம்.

அச்சிடுவதிலே ஒரு சூக்ஷ்மம் உண்டு. வீடுகளில் உள்ள இங்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றின் மை தண்ணீர் பட்டால் கசியும். மேலே நீர்வர்ணம் தீட்டினால் சரஸ்வதியின் முகத்தில் கண்மை வழியும்! லேஸர் பிரிண்டரிலும் ஜெராக்ஸ் யந்திரத்திலும் இருப்பது மை அல்ல. சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும் பொடி. அது தண்ணீருக்கு அசையாது. வீட்டில் லேஸர் இல்லாவிட்டால், கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்? மிகத் தடித்த அட்டையை யந்திரம் விழுங்காமல் மடக்கிப் போடும். ஆகவே சற்றே தடித்த காகிதத்தில் எடுத்து, வர்ணம் தீட்டிக் காய்ந்தபின் அட்டையில் ஒட்டுவது நல்லது.

கோட்டைக் கறுப்பாகத்தான் அச்சிட வேண்டும் என்பதில்லை. மிக வெளிறிய சாம்பல் நிறத்தில் அச்சிட்டு, பென்சில் வர்ணத்தால் நிழலும் ஒளியும் கொடுத்துக் கொண்டே வந்தால், கோடு மறைந்து உருவம் மாத்திரம் நிற்கும். கல்லில் கோடு இல்லை என்று கண்டுபிடித்த பையன் இந்த முறையை விட்டு இன்றுவரை நகரவில்லை.

இன்னொரு முறை: ஒரே படத்தை மூன்று தடவை அச்சிடுவது. முதலாவது முழுப் படம். இரண்டாவதிலிருந்து சிவனையும் சண்டேசரையும் மட்டும் வெட்டிக் கொள்வது. மூன்றாவதிலிருந்து மாலையும் அதைச் சுற்றும் கைகளும். ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் பஞ்சு நாடா வைத்து ஒட்டினால், சிற்பம் போலவே கை முன்னால் வந்து நிற்கும். ஆனால் தபாலாபீசில் தபால் முத்திரை விழும்போது நம் முத்திரை நசுங்கும் அபாயம் உண்டு. அட்டையும் உறையும் சேர்ந்து 20 கிராமுக்கு மேற்போனால் கூடுதல் தலை ஒட்ட வேண்டும் என்பதும் ஞாபகமிருக்கட்டும். பள்ளியில் தபால்தலைச் செலவைக் கணக்கு எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தக் கவலை தெரியும்.

பொன் வேண்டுவோருக்கும் வழியுண்டு. லேஸர் அச்சின் மேல் தங்கநிறப் படலத் தாளை வைத்து, லாமினேஷன் யந்திரத்தின் சூட்டில் ஒரு தடவை செலுத்தினால், பொடி மறுபடி இளகித் தங்கத்தைப் பற்றிக் கொள்ளும். தாளை உரித்தால் கோடுகள் மட்டும் பொன்னாக மின்னும். முதல் தடவை அதை உரித்தபோது வகுப்பில் எழுந்த சப்தத்துக்குத் தலைமை ஆசிரியரே எட்டிப் பார்த்தார்.

நமக்குப் பிடித்தது வேறொன்று. மஞ்சள்பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் சுண்ணாம்புத் தெளிவைத் தூரிகையால் தொட்டு வைத்தால், தொட்ட இடம் குங்குமச் சிவப்பாகிறது. காசில்லாத வர்ணம், கூடவே ஒரு ரஸாயனப் பாடம். வெயிலில் வைத்தால் மஞ்சள் சில நாளில் வெளுத்துவிடும் என்பது குறைதான். ஆனால் வாழ்த்து உறைக்குள்தானே பிரயாணம் செய்கிறது?

விலைக்கு வாங்கும் முத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் காசு கொடுத்து வாங்கியதை வகுப்பு முழுவதற்கும் கைபேசியில் அனுப்பி வைப்பது நம் பிள்ளைகளிடையே சகஜமாக இருந்தது. படம் வரைந்தவர் எந்தத் தேசத்தவரானாலும் அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். முத்திரையைக் கொண்டு அட்டை செய்யலாம், முத்திரையையே பகிரக் கூடாது என்பதுதான் பெரும்பாலோர் விதிக்கும் நிபந்தனை. நம் தேசத்துச் சட்டப்படி சித்திரத்தின் உரிமை, வரைந்தவர் மறைந்தபிறகும் 60 வருஷம் நிற்கிறது. சோழச் சிற்பிக்கு அந்த வழக்கு இல்லை. ஆனால் அவனுடைய சிற்பத்தை வேறொருவர் எடுத்த புகைப்படத்துக்கு உண்டு. அதனால்தான் படத்தையும் நாமே எடுத்தோம்.

அட்டையின் பின்புறத்தில் ஓர் அங்குல அளவில் புலி முத்திரை வைக்கிறோம். திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திரனின் செப்பேடுகள் 31. அவற்றைக் கோத்த வளையத்தில் அவன் முத்திரை இருக்கிறது. உட்கார்ந்த புலி, இரண்டு மீன், ஒரு வில். சோழன், பாண்டியன், சேரன் மூவரும் ஒரே வட்டத்துக்குள் அடக்கம். அதைப் பார்த்துப் பிள்ளைகள் வரைந்த முத்திரையில் புலி கொஞ்சம் பூனை சாயலாக இருக்கிறது, இருக்கட்டும். “ராஜா முத்திரையை நாம் போடலாமா ஸார்?” என்று ஒருவன் பயந்து கேட்டான். வரி கேட்காதவரையில் போடலாம் என்று சொல்லி வைத்தோம்.

முதல் வருஷம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் சண்டேசர் முத்திரைக்கு வர்ணம் தீட்டினார்கள். அட்டைகளை மேஜையில் பரப்பியபோது ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. சிவன் நீலமாயும் பச்சையாயும், ஒரு அட்டையில் பள்ளிச் சீருடை நிறத்திலும் இருந்தார். ஓவிய ஆசிரியர் மேஜையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு ஓர் அட்டையை எடுத்து ஜன்னலருகே கொண்டு போனார்.

அது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியினுடையது. அவள் தகப்பனார் குவைத்தில் வேலை செய்கிறார். பொங்கலுக்கு ஊர் வந்து மூன்று வருஷமாகியிருந்தது. அவள் படம் முழுவதையும் வர்ணமில்லாமல் வெறும் கோடாகவே விட்டிருந்தாள். மாலைக்கு மட்டும் மஞ்சள். மாலையைச் சுற்றும் விரல்களின் அருகே சுண்ணாம்பால் தொட்ட ஒரே ஒரு சிவப்பு. உள்ளே ‘அப்பாவுக்கு’ என்பதோடு சரி. தினந்தோறும் தகப்பனாரோடு கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிற பெண்தான் அவள். பேச்சில் சொல்ல முடியாதது ஏதோ அவளிடம் இருந்திருக்கிறது.

அட்டை குவைத் போய்ச் சேர மூன்று வாரமாயிற்று. பொங்கல் கழிந்து வெகு நாள். ஆறு பேர் படுக்கும் அறையில், தம் கட்டிலுக்கு நேரே சுவரில் அதை ஒட்டி வைத்து, படம் பிடித்து அனுப்பியிருந்தார் அந்தத் தகப்பனார். மற்றவர்கள் இது என்ன சாமி என்று கேட்டார்களாம். எங்கள் ஊர்ச் சாமி என்று சொன்னாராம்.

ஓவிய ஆசிரியர் இன்னமும் தம் கட்சியை விட்டுக் கொடுக்கவில்லை. நன்றாக வந்த அட்டைகளெல்லாம் கோவிலில் முழு அரை மணியும் அசையாமல் உட்கார்ந்த பிள்ளைகளுடையவை என்றும், மெஷினுக்கு அதில் பங்கில்லை என்றும் சாதிக்கிறார். நாமும் கணக்குப் பார்த்தோம். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆகவே நோட்டுப் புத்தகத்தில் வரைந்து காட்டாதவருக்கு அச்சுப் பிரதி கிடையாது என்பது இப்போது வகுப்புச் சட்டம்.

இந்த வருஷம் பிள்ளைகள் காரைக்கால் அம்மையாரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பெரிய தாளில் அழகாக இருக்கும் விலா எலும்புக் கோடுகள், அட்டை அளவுக்குச் சுருக்கினால் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் கறுப்பாகி விடுகின்றன. எத்தனை எலும்பை விடலாம், எத்தனையை விட்டால் அம்மையார் அம்மையாராக இருக்க மாட்டார் என்று ஓவிய ஆசிரியருக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நான்கு நாளாக வழக்கு நடக்கிறது. வெளிநாட்டுத் தபால்களை மார்கழி பிறப்பதற்குள் போட்டுவிட வேண்டும் என்று நாம் அவசரப்படுத்திக் கொண்டிருக்கிறோம்.